காந்தள் இழுத்த இரும்பு

"உடம்புல இரும்பு ஏதாச்சும் இருக்கா சார்? ஆபரேஷன் பண்ணி பிளேட்டு, ஸ்குரூ, அந்த மாதிரி?" என்று ஸ்கேன் எடுக்கும் பெண் கேட்டாள். இல்லை என்று அறவாழி தலையை ஆட்டினார். "ரத்தத்துல இருக்கு. அதை இப்பக் கழட்ட முடியாது" என்றாள் வாசலில் நின்ற குணசுந்தரி. அவர் மனைவி. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். பயம் வந்தால் இப்படித்தான் ஏதாவது சொல்வாள். மோதிரம், கடிகாரம், பெல்ட், மூக்குக் கண்ணாடி என்று அவர் கழற்றக் கழற்ற வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள். படுக்கவைத்துக் காதில் அடைப்பானைத் திணித்து, முகத்துக்கு மேலே ஒரு கூண்டைப் பொருத்தி, ஏதாவது என்றால் அமுக்குங்கள் என்று வலது கையில் ஒரு ரப்பர் பந்தையும் கொடுத்தாள் அந்தப் பெண். "அரை மணி நேரந்தான் சார். அசையாம இருக்கணும். முக்கியமா தலை அசையவே கூடாது, அசைஞ்சா படம் கலங்கிரும்." பலகை நகர்ந்து அவரைக் குழாய்க்குள் கொண்டுபோனது.

அசையக் கூடாதாம். முப்பது வருஷமாக அசை பிரித்துச் சோறு தின்கிற மனிதரிடம் சொல்கிற பேச்சா இது. திருச்சியில் ஒரு கல்லூரியின் தமிழ்த்துறைத் தலைவர் அறவாழி. யாப்பில் கரை கண்டவர் என்று பெயர் வாங்கியவர். எந்தச் சத்தம் கேட்டாலும் அவர் காது அதை முதலில் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். ஒற்றைத் தட்டு நேர், விரைந்து வரும் இரட்டைத் தட்டு நிரை, இரண்டு சேர்ந்தால் ஒரு சீர். தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். பேருந்து நடத்துனர் ஊர்ப்பெயர்களைக் கூவினாலும் சரி, பக்கத்து வீட்டில் மிக்சி நின்று நின்று ஓடினாலும் சரி, இந்த வாய்பாடு அவர் மனசுக்குள் தானே ஓடும். இப்போதும் குழாயின் சுவரில் யாரோ சுத்தியலால் அடிப்பது மாதிரிச் சத்தம் தொடங்கியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்க ஆரம்பித்துவிட்டார். டடக்டக், டடக்டக், டடக்டக். புளிமா, புளிமா, புளிமா. பரவாயில்லையே, தளை தட்டாமல் போகிறதே, இப்படியே போனால் ஒரு வெண்பாவே கட்டிவிடும் போலிருக்கிறதே என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம், இந்தக் கூத்தெல்லாம் எதற்கு, மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தானே வந்திருக்கிறோம், கட்டியா, அடைப்பா, வெறும் அசதியா என்று நினைப்பு ஓடியது. காணாமல் போனது ஒரே ஒரு சொல். அதுவும் பெரிய சொல் ஒன்றுமில்லை. இரும்பை இழுக்குமே, பிள்ளைகள் குண்டூசியை ஒட்டவைத்து விளையாடுமே, அது. காந்தம். நாம் சொல்லிவிட்டோம், அவருக்கு வரவில்லை. அது இருந்த இடத்தில் கையை விட்டுத் துழாவினால் வருவது காந்தள். மலையில் பூக்கிற செங்காந்தள் பூ. அவ்வளவு படித்த மனிதர், அந்தச் சாமானுக்குள்ளேயே முழு உடம்போடு படுத்துக்கொண்டு அதன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்.

போன செவ்வாய்க்கிழமை நடந்தது அது. நடந்தது என்று அவருக்கு அன்று தெரியவே தெரியாது. முதல் மணி எம்.ஏ. தமிழ் வகுப்பு. பக்திப் பாடல்களில் உயிர் இறைவனை நோக்கிப் போவதை விளக்கும்போது, இரும்பை அது இழுப்பது போல என்று சொல்ல வாயெடுத்து, இரும்பைக் காந்தள் இழுப்பது போல என்று சொல்லியிருக்கிறார். கணீரென்று சொல்லியிருக்கிறார். ஒருவரும் கண்ணிமைக்கவில்லை, குனிந்து எழுதிக்கொண்டார்கள். வகுப்பு முடிந்ததும் மாணவன் நன்மாறன் பின்னாலேயே வந்து, "ஐயா, அந்த உவமை ரொம்பப் புதுசுங்கய்யா. பூ போய் இரும்பை இழுக்குதுன்னா, மென்மை வன்மையை இழுக்குதுன்னுதானேங்கய்யா? நான் எங்கேயும் படிச்சதில்லை" என்று உருகினான். பையன் எதையோ உளறுகிறான், ஆனால் மரியாதையாக உளறுகிறான் என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். அடுத்த மணி பி.எஸ்சி. இயற்பியல் பிள்ளைகளுக்குப் பகுதி ஒன்று தமிழ், எல்லாரும் படித்தாக வேண்டிய மொழிப்பாடம். பிடிக்காத வகுப்பு. அங்கேயும் அதே பாடல், அதே உவமை, அதே பூ. பின் வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "ஐயா, அப்ப மேக்னட்டுக்குச் சுத்தத் தமிழ்ல காந்தளாங்கய்யா?" என்று கேட்டான். அட, இவனுக்குக்கூடத் தமிழில் ஆசை வந்துவிட்டதே என்று மகிழ்ந்து, "ஆமாம்ப்பா, அதேதான்" என்று ஆசீர்வதித்தார். அவனும் எழுதிக்கொண்டான். அப்போதுதான் நிலோஃபர் எழுந்தாள். வருகைப் பதிவு எடுத்த முதல் நாளே, உன் பேருக்கு நீலோற்பலம்னு அர்த்தம், நீயே ஒரு பூதாம்மா என்று அவர் சொல்லப்போய், அன்றிலிருந்து ஐந்திணைப் பூக்களை ஒன்றுவிடாமல் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட பெண். காந்தள்தான் ஒட்டன்சத்திரம் பக்கம் பயிர் பண்ணுகிற கண்வலிக் கிழங்கு என்று அவர் சொன்னபோது, அதிலிருந்து என்ன மருந்து எடுக்கிறார்கள் என்று மறுநாள் வந்து அவருக்கே சொன்னவள். "ஐயா, காந்தள் பூங்கய்யா" என்றாள். "ஆமா, குறிஞ்சி நிலத்துப் பூ. அதுக்கென்ன இப்ப?" "அது இரும்பை இழுக்காதுங்கய்யா." "நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்? காந்தள் இழுக்கும்னுதானே சொன்னேன்?" வகுப்பு கொல்லென்று சிரித்தது, ஐயா வேண்டுமென்றே விளையாடுகிறார் என்று. அவளும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. மணி அடித்ததும் வராந்தாவில் ஓடிவந்து, "ஐயா, கோவிச்சுக்காதீங்க. எங்க அத்தாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. சாவியைச் சாவடி, சாவடின்னாங்க. நாங்கல்லாம் சிரிச்சுக்கிட்டே இருந்துட்டோம். இப்பப் பேச்சே இல்லைங்கய்யா. ஒரு தடவை டாக்டரைப் பாத்துருங்க" என்றாள். அவருக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. சரியாகத்தானே இருக்கு என்று குணசுந்தரியைக் கூப்பிட்டுச் சொல்லிக் காட்டினார். அவள் கையிலிருந்த துணி மடிப்பை அப்படியே கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். நீங்கள் சொல்வது பூவை என்று அவள் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது; அவள் எடுத்துக் கொடுத்த சரியான சொல்லும் மறு நிமிஷமே நழுவிப் போனது.

டடக்டக், டடக்டக். சத்தம் திடீரென்று நின்றது. ஒலிபெருக்கியில் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "சார், தலை ஆடுது சார். நல்லா ஆட்டுறீங்க. இதை மறுபடி முதல்லேருந்து எடுக்கணும். பயப்படாம அப்படியே இருங்க." ஆட்டினோமா? ஆட்டித்தான் இருப்போம். நல்ல ஓசை வந்தால் தலை தானாக ஆடும். கவியரங்க மேடையில் அந்தத் தலையாட்டலுக்காகவே அவரை முன் வரிசையில் உட்காரவைப்பார்கள். மூக்கு நுனி அரித்தது. சொறியக் கூடாது. சத்தம் மறுபடி ஆரம்பித்தது, இந்த முறை வேறு நடை, டக்டக், டக்டக், டக்டக். தேமா, தேமா, தேமா. தேமா என்றதும் அவருக்குள் ஏதோ சிக்கியது. காந், தள். நேர் நேர். தேமா. தொலைந்த அந்தச் சொல்லும் தேமாவாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காது கண்டுபிடித்திருக்கும். அடிப்பிடித்த சோற்றைக் காந்தல் என்கிறோமே, அதுவும் தேமா. அப்படியானால் காதின் மேல் தப்பில்லை. சீட்டின் நீள அகலம் சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் உள்ளே விட்ட காவலாள் மாதிரி இந்தக் காது அத்தனை நாளும் வாசலில் நின்றிருக்கிறது. ஓசை கெடவில்லை, பொருள்தான் கெட்டது. ஓசை கெட்டால் மட்டும்தான் எனக்கு வலிக்கும் என்றால், இத்தனை வருஷம் நான் என்னத்தைக் கேட்டேன்? ஓர் உவமையைச் சொன்னால், என்ன அணி, எந்த வகை என்று கேட்பார்கள் என் பிள்ளைகள். நிஜமாகவே அது இழுக்குமா என்று எந்த நன்மாறனும் கேட்டதில்லை. கேட்கும்படி நான் வளர்க்கவில்லை. சரி, அந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? இழுப்பது எது என்று நாடி நரம்பெல்லாம் தெரிந்த அந்தப் பின் வரிசைப் பையனுக்குக் காந்தள் பூ என்று தெரியாது. புரியாத தமிழ்ச் சொல் எதுவானாலும் சுத்தத் தமிழ் என்று கும்பிட்டுவிடுவான். பூவைத் தெரிந்தவர்களுக்கு இரும்பு முக்கியமில்லை, இரும்பைத் தெரிந்தவர்களுக்குப் பூ தெரியாது, நடுவில் ஒரு கிழவன் மூளை கழன்று பேசிக்கொண்டிருக்கிறான், இரண்டு வகுப்பும் குனிந்து எழுதிக்கொள்கிறது. இரண்டையும் தெரிந்த ஒருத்திக்கு மட்டும்தான் பகீரென்றிருக்கிறது. அந்த ஒருத்தி உட்கார்ந்திருந்த வகுப்பைத்தான், பசியில்லாதவனுக்குப் பரிமாறுற மாதிரி இருக்கு சார், அடுத்த பருவத்துலேருந்து எனக்கு வேண்டாம், எம்.ஏ. மட்டும் போதும் என்று முதல்வரிடம் போன மாதம் சொல்லித் தட்டிக்கழித்திருந்தார். அவரும் சீனியர் கேட்கிறாரே என்று ஒப்புக்கொண்டுவிட்டார். அந்த வகுப்பு இல்லாதிருந்தால் இந்தக் குழாய்க்குள் வந்தே இருக்கமாட்டோம். நன்மாறன் இந்நேரம் பூவும் இரும்பும் என்று ஒரு கட்டுரையே எழுத ஆரம்பித்திருப்பான். நினைத்தபோது சிரிப்பு வரப் பார்த்தது. சிரித்தால் தலை ஆடும்.

சாவி, சாவடி. நிலோஃபர் அத்தா என்கிற அவள் அப்பா இப்போது எப்படிச் சோறு கேட்பார்? கையைக் காட்டுவாரா? மீன் வேண்டும் என்றால் எப்படிக் காட்டுவார், மீன் வேண்டாம் என்றால் எப்படிக் காட்டுவார்? ஒரு சொல் போனதும் அடுத்த சொல் போகும் என்று டாக்டர் சொல்லவில்லை. போகாது என்றும் சொல்லவில்லை. பாத்துட்டுச் சொல்றேன் என்றார். அறவாழி அவசரமாக உள்ளே ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார், வெளியூர் போகிறவர் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது போல. நாள், மலர், காசு, பிறப்பு. வெண்பாவின் கடைசிச் சீர் நான்கும் இருக்கின்றன. மகள் பெயர் இருக்கிறது. குணசுந்தரி இருக்கிறாள். பேனா, குடை, செருப்பு, கதவு. கதவுதானா? கதவு என்று நினைத்துக்கொண்டு வேறெதையாவது நினைக்கிறேனா? எனக்கே சரியாகத்தானே கேட்கும்? சரி என்று சொல்கிற ஆள்தான் கெட்டுப்போயிருக்கிறான் என்றால் யாரிடம் போய்க் கேட்பது? இதுதான் அவரைப் பிடித்து உலுக்கியது. சொல் போவது கூடப் பெரிதில்லை, போனது தெரியாமல் மேடையேறிப் பேசிக்கொண்டிருப்பதை நினைக்கத்தான் சகிக்கவில்லை. வகுப்பு சிரிக்கும், தாமும் சேர்ந்து சிரிப்போம். ரப்பர் பந்தை அமுக்கிவிடலாமா என்று நினைத்தார். அமுக்கினால் மறுபடி முதலிலிருந்து. குழாய் உறுமியது. இப்போது அசையும் இல்லை, சீரும் இல்லை, ஆள் மேல் கோபம் கொண்டது போல ஒரே இரைச்சல்.

இது எதற்கு இப்படிக் கத்துகிறது? ஆட்டோவில் வரும்போது குணசுந்தரி சொல்ல வந்தாள். "ஏன் சத்தம் வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பயம் பாதி போயிரும், கேளுங்க" என்றாள். அவர் வழக்கம்போல வெளியே பார்த்தார். இயற்பியல் என்று அவள் வாயைத் திறந்தால் சாலையில் எந்த மாடு நின்றாலும் அது அவருக்குச் சுவாரஸ்யமாகிவிடும். கேட்டிருக்கலாம். என்ன சொல்லியிருப்பாள்? கம்பி என்று சொல்லியிருப்பாள், மின்சாரம் என்று சொல்லியிருப்பாள், பிறகு இடது கையைத் தூக்கிக் காட்டியிருப்பாள். எதற்கெடுத்தாலும் அவளுக்கு அந்த இடது கைதான். கல்யாணமான புதிதில் உறையூரில் ஒரு சந்து வீடு. பள்ளியில் சேர்ந்து முதல் வாரம். மறுநாள் பாடத்தை அடுக்களைச் சுவருக்கு நடத்திக்கொண்டிருந்தாள். கையில் மாவு. இடது கையைத் தூக்கி, பெருவிரல் ஒரு பக்கம், சுட்டுவிரல் ஒரு பக்கம், நடுவிரல் ஒரு பக்கம் என்று மூன்றையும் மூன்று திசைக்கு நிறுத்தியிருந்தாள். வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "காந்தள் பூத்த மாதிரி இருக்கு." பெண்களின் விரலுக்குக் காந்தளைச் சொல்வது பழைய தமிழ்ப் புலவர்களின் பழக்கம், அவருக்கு அன்றுதான் அது சரிதான் என்று பட்டது. "பூ இல்லைங்க, விதி. ஃபிளெமிங்கோட இடக்கை விதி" என்றாள். "நீ எனக்கு வாய்ச்சதும் விதிதான்" என்றார். மாவுக் கையாலேயே ஒன்று வைத்தாள். பிறகு விடாமல் அந்த விதியை அவருக்கும் நடத்தினாள், இந்த விரல் இது, இந்த விரல் இது என்று. அவர் விரலைத்தான் பார்த்தார், பாடத்தைக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்படியென்றால் சொல் தொலையவில்லை. அந்தக் கைக்குள்தான் போய் உட்கார்ந்திருக்கிறது. பூவுக்குக் கீழே அது. போர்வைக்கு உள்ளே அறவாழியின் இடது கை விரல்கள் மெல்ல எழுந்து நின்றன, தலை அசையவில்லை. பெருவிரல், விசை. அது எந்தப் பக்கம் தள்ளும் என்பது. நடுவிரல், மின்னோட்டம். கம்பிக்குள் ஓடுவது. சுட்டுவிரல்? சுட்டுவிரல் புலம். என்ன புலம் என்று அவர் தேடப் போகவில்லை. தேடாததால்தானோ என்னவோ அது அவள் குரலில், மாவு வாசனையோடு, தானே வந்தது. காந்தப்புலம். அட. இந்தக் குழாய் முழுக்க அந்தப் புலம். அதற்குள்ளே ஒரு கம்பிச்சுருள். அதில் மின்னோட்டத்தைப் போட்டுப் போட்டு நிறுத்துகிறார்கள், ஒவ்வொரு தடவையும் விசை அதைப் பிடித்துத் தள்ளுகிறது, அது அதிர்கிறது, அந்த அதிர்வுதான் டக். கோபமும் இல்லை ஒன்றும் இல்லை, உறையூர் அடுக்களையில் அவள் நிறுத்திக் காட்டிய மூன்று விரல். பாதி பயம் போகும் என்றாளே, பாதி இல்லை, கால்வாசி போனது. இருந்தாலும் போனது. புலம் என்று யாரையா இதற்குப் பெயர் வைத்தது? வயலுக்கும் புலம், கண் காது மூக்குக்கும் புலம், அதில் ஊன்றி நின்றவனைத்தான் புலவன் என்கிறோம், அவன் படிப்பைத்தான் புலமை என்கிறோம். கண்ணுக்குத் தெரியாமல் இழுக்கிற ஒன்றுக்கு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தவன் இரண்டு வகுப்பிலும் உட்கார்ந்தவனாகத்தான் இருப்பான். காந், தப், புலம். நேர் நேர் நிரை. தேமாங்கனி. கனிச்சீர் வெண்பாவுக்குள் வராது; வந்தால் வெட்டு என்றுதான் அவர் இத்தனை காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வரட்டுமே என்று நினைத்தார். காந்தப்புலம், காந்தப்புலம் என்று உள்ளே சொல்லிக்கொண்டே கிடந்தார். வெளியே போனதும் அவளிடம் முதலில் இதைச் சொல்ல வேண்டும். பிறகு முதல்வரிடம், அந்த வகுப்பு என்னிடமே இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும். இரைச்சல் நின்றது. எல்லாம் முடிந்த பிறகு எங்கோ கடைசியாக ஒரே ஒரு டக் கேட்டது. நாள் என்று வாய்பாடு சொல்லிக்கொண்டார்.

பலகை வெளியே வந்தது. கூண்டைக் கழற்றியதும் முதல் வேலையாக மூக்கைச் சொறிந்துகொண்டார். "மத்தியானத்துக்கு மேல ரிப்போர்ட் வந்துரும் சார், டாக்டர் பாத்துட்டுப் பேசுவாரு" என்றாள் அந்தப் பெண். என்ன தெரிந்தது என்று அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தார். அது எல்லாரிடமும் காட்டுகிற முகம். கதவைத் திறந்துகொண்டு குணசுந்தரி வந்தாள். கண்ணாடியை அவளே மாட்டிவிட்டாள்.

"சுந்தரி, கெடச்சிருச்சு" என்றார்.

"என்னது?"

"அந்த வார்த்தை. உள்ள இருக்கும்போதே வந்துருச்சு. உன் கைக்குள்ளதான் இருந்திருக்கு." எழுந்து உட்கார்ந்து, சபையில் ஈற்றடி சொல்லும்போது நிமிர்வாரே, அப்படி நிமிர்ந்து சொன்னார்: "காந்தள்."

அவள் திருத்த வேண்டியிருக்கவில்லை. இந்தத் தடவை அது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. ஓசை அப்படியே இருந்தது, தேமா, ஒரு குறையும் இல்லை. ஆனால் அது இல்லை. வேறு எதையோ சொல்லிவிட்டோம் என்று முதன்முதலாக அவருக்கே கேட்டது. பயமாக இருந்தது, அதோடு விநோதமாக ஒரு நிம்மதியும் இருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

குணசுந்தரி கைப்பையைத் தோளுக்கு ஏற்றிவிட்டு இடது கையை அவர் முன் நீட்டினாள். விரல் முட்டிகள் இப்போது கொஞ்சம் வீங்கியிருந்தன. மூன்று விரலையும் மூன்று திசைக்கு நிறுத்தினாள். பெருவிரலை ஆட்டினாள்.

"விசை."

நடுவிரல்.

"மின்னோட்டம்."

சுட்டுவிரல். அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"காந்தப்புலம்" என்றார்.

வகுப்பில் கேட்கிற குரலை வரவழைத்துக்கொண்டு, "சரி. இப்பப் புலத்தை எடுத்துட்டுச் சொல்லுங்க" என்றாள்.

அறவாழி வாயைத் திறந்தார். பூ நாக்கு நுனியில் வந்து நின்றது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார். அவள் விரலை மட்டும் விடவில்லை.

"வேணாம்" என்றார். "அது புலத்தோடயே இருக்கட்டும்."